வெள்ளிக்கிழமையை வியாழக்கிழமை ஆக்கியவன்

மைசூரு,
ஆடி 17, சனிக்கிழமை.

மதிப்புக்குரிய மச்சான் நஞ்சுண்டசாமி அவர்களுக்கு,

தங்கள் தங்கை லீலாவின் வீட்டுக்காரன் சேகரன் மைசூரிலிருந்து வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே லீலா நலம். மகள் பூங்குழலி நலம். குழாயில் தண்ணீர் ஒன்றுவிட்டு ஒருநாள் வருகிறது. அங்கே ஹனூரில் தாங்களும், பஞ்சவர்ணம் அக்காவும், கல்யாணப் பெண் தீபாவும், மஞ்சள் காடும், டிராக்டரும் நலமாக இருக்க வேண்டுமென்று நஞ்சன்கூடு ஈஸ்வரனைக் கும்பிட்டுக்கொள்கிறேன். என் நலத்தைப் பற்றிக் கேட்க வேண்டாம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கையில் போனை வைத்துக்கொண்டு கடிதம் எழுதுகிறானே என்று நினைக்கலாம். போனில் சொன்னால் தாங்கள் நடுவில் பேசுவீர்கள், நான் பயந்து பேச்சை மழைக்கு மாற்றிவிடுவேன். போன செவ்வாய்க்கிழமை அப்படித்தான் ஆனது. கல்யாண மண்டபத்திலிருந்து நேராக எனக்குப் போன் போட்டீர்கள். "என்னுங் மாப்ள, மண்டபத்துல பாத்திரம் பண்டம் பாக்கலாம்னு கொள்ளேகால் வந்தா, இந்தத் தொட்டையன் நம்ம கல்யாணம் ஆகஸ்ட் இருபத்தெட்டுன்றான். இருபத்தொம்பது வேற பார்ட்டியாம். கேட்டா கம்ப்யூட்டர்ல அப்படித்தான் வந்துச்சுங்கறான். எவன் மாப்ள அந்தக் கம்ப்யூட்டர்ல தேதிய மாத்துனவன்? அவன் மட்டும் என் கையில சிக்குனான்னா டிராக்டர்ல கட்டி இழுத்துருவேன்" என்றீர்கள். நானும் "ஆமாங்க மச்சான், அவனச் சும்மா விடக்கூடாது" என்றேன். பிறகு அங்கே மழை உண்டா என்று கேட்டேன்.

மச்சான், அவன் நான்தான்.

இதை முதலிலிருந்து சொன்னால்தான் தங்களுக்கு விளங்கும். நான் டயர் ஃபேக்டரியில் முப்பத்திரண்டு வருஷம் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தது தாங்கள் அறிந்ததே. டயரைத் தடவிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பதுதான் வேலை. ரிட்டயர் ஆன பிறகு தடவிப் பார்க்க வீட்டில் ஒன்றும் இல்லை. லீலாவின் தோசையில் குறை சொன்னேன், அதற்குப் பிறகு ஒரு வாரம் தோசையே வரவில்லை. அந்தச் சமயத்தில் ஏதோ ஒரு விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டரில் நிரப்பிக்கொண்டிருந்தேன். தேதி கேட்கிற இடத்தைத் தொட்டால் சின்னதாக ஒரு காலண்டர் விரியுமே, அது தமிழில் விரிந்தது. பார்க்கிறேன், வெள்ளிக்கிழமைக்கு "வெல்லி" என்று போட்டிருக்கிறது. எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பூங்குழலி ஆபீஸிலிருந்து வந்ததும் அவளிடம் காட்டினேன். அவள் சொன்னாள்: "அப்பா, அது ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி. யாரோ சும்மா எழுதி எல்லாருக்கும் இலவசமாக் குடுத்திருக்காங்க. உலகத்துல எந்த வெப்சைட்காரன் வேணாலும் எடுத்து ஒட்டிக்கலாம். தப்பு இருந்தா நீங்களே திருத்தி அனுப்பலாம்."

லைப்ரரி என்றதும் நான் புத்தகம் அடுக்கின இடம் என்றுதான் நினைத்தேன். அது இல்லை மச்சான். தாங்கள் வீடு கட்டினபோது ஜன்னலைத் தாங்களே செய்யாமல் கடையில் செய்து வைத்ததை வாங்கிப் பொருத்தினீர்கள் அல்லவா, அதுபோல வெப்சைட் கட்டுகிறவர்கள் எடுத்துப் பொருத்திக்கொள்கிற தயார்ச் சாமான். நான் சொல்வது காலண்டர் ஜன்னல். "தாரீக்கு" என்று பெயர், கன்னடத்தில் தேதி என்று அர்த்தம். நம் மைசூரிலேயே பிரசாந்த் என்று ஒரு பையன் எழுதியது. பூங்குழலி பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக்கொடுக்க, நான் "ல்" எடுத்து "ள்" போட்டு அனுப்பினேன். இரண்டு மணி நேரத்தில் ஏற்றுக்கொண்டு, கீழே ஒரு இதயப் படமும் போட்டிருந்தார்கள். முப்பத்திரண்டு வருஷ சர்வீசில் எந்த மேனேஜரும் எனக்கு இதயம் போட்டதில்லை. அங்கேதான் நான் விழுந்தேன்.

அதற்குப் பிறகு கன்னடத்தில் இருந்த தப்புகளை லீலாவைக் கேட்டுத் திருத்தினேன். அவள் கன்னட மீடியம் அல்லவா. பிறகு மற்றவர்கள் அனுப்புகிற புகார்களுக்கு யாரும் பதில் சொல்லாமல் கிடப்பதைப் பார்த்து, பாவமாக இருக்கிறதே என்று நானே "தங்கள் கடிதம் கிடைத்தது, கவனிக்கிறோம்" என்று எழுத ஆரம்பித்தேன். பூங்குழலி ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கம்ப்யூட்டர் கோடு எழுதச் சொல்லிக்கொடுத்தாள். ஒரு வருஷத்தில் சுமாராகப் புரிந்தது. ஒருநாள் பிரசாந்திடமிருந்து மெயில் வந்தது, உங்களைப் போலப் பொறுமையான மனிதரைப் பார்த்ததில்லை, இன்றுமுதல் நீங்களும் ஒரு மெயின்டெய்னர் என்று. அதாவது பராமரிப்பாளர். ரிட்டயர் ஆன பிறகு பிரமோஷன் வாங்கினவன் நம் குடும்பத்தில் நான் ஒருவன்தான் என்று தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தேன். தங்களுக்கும் பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன், எதற்கென்று தாங்கள் கேட்கவில்லை. லீலா சம்பளம் உண்டா என்று கேட்டாள். கிடையாது என்றேன். அப்போ லீவாவது உண்டா என்றாள். அதுவும் கிடையாது என்று எனக்கு அப்போது தெரியாது. பூங்குழலி மட்டும் மைசூர்பாகைக் கடித்துக்கொண்டே, "அப்பா, இது பிரமோஷன் இல்ல, மாட்டிக்கிட்டீங்க" என்றாள்.

அவள் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும், அப்படியே நடந்தது. மச்சான், காலையில் எழுந்து கம்ப்யூட்டரைத் திறந்தால் தாங்கள் தூங்குகிற நேரத்தில் விழித்திருக்கிற தேசங்கள் எல்லாம் என்னைத் திட்டி வைத்திருக்கும். வாரம் ஞாயிற்றுக்கிழமை ஆரம்பிக்கிறது, இது அநியாயம், திங்கட்கிழமை ஆரம்பிக்க வேண்டும் என்று ஒருவர் எழுதுவார். சரி என்று மாற்றினால், யாரைக் கேட்டு மாற்றினாய் என்று நாற்பது பேர் வருவார்கள். இரண்டு பக்கமும் சமாதானமாகப் போகலாமே என்று நான் நடுவில் போய் நின்றால், இரண்டு பக்கமும் ஒன்று சேர்ந்து என்னைத் திட்டுவார்கள். ஒரு பெரிய கம்பெனிக்காரர், எங்கள் வேலை நின்றுபோயிருக்கிறது, நாளை மதியத்துக்குள் சரிசெய்து கொடு என்று ஏதோ நான் அவர் வீட்டுக் களத்தில் மக்காச்சோளம் காயவைக்கிற ஆள் மாதிரி எழுதினார். நான் லீலாவின் அத்தை பேத்தி காதுகுத்துக்குக்கூடப் போகாமல் உட்கார்ந்து செய்துகொடுத்தேன், அவர் நன்றி என்று ஒரு வார்த்தை எழுதவில்லை, அடுத்த புகாரை எழுதினார். குளிக்கப் போனால் புகார், கோயிலுக்குப் போனால் புகார். சாமுண்டி மலைப் படி ஏறும்போது ஐநூறாவது படியில் நின்று ஒரு துருக்கிக்காரருக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

இதற்கு நடுவில் பிரசாந்த் காணாமல் போய்விட்டான். மெயிலுக்குப் பதில் இல்லை, மெசேஜுக்குப் பதில் இல்லை. மூன்று மாதம் பார்த்துவிட்டு, பையனுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்து, விலாசம் விசாரித்துக்கொண்டு தேவராஜ மொஹல்லாவுக்குப் போனேன். மார்க்கெட்டில் இருக்கிறான் என்றார்கள். உள்ளே நுழைந்தால் பூக்கடை வரிசை தாண்டி ஒரு வாழைப்பழக் கடையில் தார்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறான். நல்ல நிறமாகி, கன்னம் வைத்து, மாப்பிள்ளை மாதிரி இருந்தான். அவன் மாமா கடையாம்.

"பன்னி சார், வாங்க, உக்காருங்க" என்று கன்னடமும் தமிழுமாக ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

"என்னப்பா பிரசாந்த், இருநூத்தி எழுபது புகார் நிக்குது, நீ இங்க பழம் விக்கற?" என்றேன்.

"சாகு சார், சாகு. போதும்னு வந்துட்டேன். ஆறு வருஷம் சார். என் கல்யாணத்தன்னைக்குக் கூட மணையில உக்காந்துட்டு ஒருத்தனுக்கு பதில் எழுதிட்டிருந்தேன். அவ இன்னும் அதையே சொல்றா. இங்க பாருங்க, ஒருத்தர் வர்றாரு, பழம் வாங்கறாரு, போறாரு. அழுகியிருந்தா திருப்பித் தர்றாரு. அவ்வளவுதான். இந்தப் பழத்தைத் திங்கக்கிழமையில இருந்து ஆரம்பின்னு யாரும் சொல்றதில்ல."

"அப்ப தாரீக்கை யார் பாக்கறது?"

அவன் நஞ்சன்கூடு ரசபாளை வாழைத் தாரில் ஒரு சீப்பு அறுத்து என் பையில் போட்டான். போட்டுவிட்டு, "நீங்க இருக்கீங்களே சார்" என்றான். பாஸ்வேர்டு எல்லாவற்றையும் ஒரு பழைய பில்லின் முதுகில் எழுதிக் கையில் கொடுத்தான். நான் போகும்போது ஒரு மெயின்டெய்னர், திரும்பி வரும்போது ஒரே மெயின்டெய்னர்.

இப்போது தீபா விஷயத்துக்கு வருகிறேன். 

பிரேசில் தேசத்தில் ஒருவர் இருக்கிறார். தாரீக்கில் பத்தாம் தேதியைத் தொட்டால் ஒன்பதாம் தேதி காட்டுகிறது என்று எட்டு மாதமாகப் புகார் எழுதிக்கொண்டிருந்தார். அவர்கள் ஊர்க் கடிகாரம் லண்டனுக்குப் பின்னால் ஓடுவதால் வந்த வினை. பாவம் மனிதர், அவருக்கு ஒரு வழி செய்வோம் என்று ஆனி மாதம் உட்கார்ந்து, எல்லாத் தேதியையும் லண்டன் கடிகாரத்தை வைத்தே கணக்குப் போடும்படி மாற்றினேன். பிரேசில்காரருக்குச் சரியாகிவிட்டது. பூங்குழலி, "அப்பா, ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுங்க, நான் ஒருதடவ சோதிச்சுப் பாத்தர்றேன்" என்றாள். தரப் பரிசோதனையில் முப்பத்திரண்டு வருஷம் இருந்த எனக்கே சோதனையா என்று எனக்குள் ஒரு வீம்பு. வெள்ளிக்கிழமை காலை இட்லி சாப்பிட்டுக் கை கழுவினதும், ஒன்பதே காலுக்கு, புதுப் பதிப்பை உலகத்துக்கு வெளியிட்டுவிட்டேன்.

மச்சான், நமக்கு நடுராத்திரி பன்னிரண்டு அடித்து வெள்ளிக்கிழமை பிறக்கும்போது லண்டனில் வியாழக்கிழமை சாயங்காலம். இந்த ஒரு விஷயம் என் மண்டையில் ஏறவில்லை. நம் ஊரில் யார் வெள்ளிக்கிழமையைத் தொட்டாலும், அது லண்டன் கணக்கில் வியாழக்கிழமையாகப் பதிவானது. பத்தரைக்கு ஜப்பானிலிருந்து ஒரு பல் டாக்டர் எழுதினார், நாளை வர வேண்டிய நோயாளிகள் எல்லாம் இன்றைக்கே வந்து வரிசையில் நிற்கிறார்கள் என்று. கென்யாவில் ஒரு பள்ளிக்கூடத்துச் சுற்றுலா பஸ் ஒருநாள் முன்னாலேயே வந்து நின்றுவிட்டதாம். நான் வேர்த்து விறுவிறுத்து எல்லாவற்றையும் பழையபடி மாற்றி வைக்கும்போது மணி பன்னிரண்டே கால். மொத்தம் மூன்று மணி நேரம்தான், உலகத்தில் கிழக்குப் பாதிக்கு நாள் பிசகியிருந்தது. சரிசெய்துவிட்டோம், தப்பித்தோம் என்று மோர் குடித்துவிட்டுப் போனை எடுத்துப் பார்க்கிறேன். தீபாவிடமிருந்து பதினொன்று இருபதுக்கு வாட்ஸப் வந்திருக்கிறது: "மாமா, நீங்க சொன்ன மாதிரியே மண்டபத்த வெப்சைட்லயே புக் பண்ணிட்டேன். ஆகஸ்ட் 29, வெள்ளி."

நான் சொன்ன மாதிரியே. ஆமாம் மச்சான், நான்தான் சொன்னேன். தாங்கள் கொள்ளேகாலுக்கு நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்துச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றீர்கள். "இந்தக் காலத்துல போய் அலைவாங்களா, வெப்சைட்ல போட்டா முடிஞ்சுது, கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது" என்று தடுத்தவன் நான். அன்றைக்கே போன் செய்து தேதியைச் சரிபார்க்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒன்றும் ஆகியிருக்காது, ஆகியிருக்காது என்று ஒரு மாதம் ஈஸ்வரன் மேல் பாரத்தைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். செவ்வாய்க்கிழமை தங்கள் போன் வந்தது.

வியாழக்கிழமை லீலாவிடம் டாக்டரைப் பார்க்கப் போவதாகப் பொய் சொல்லிவிட்டுப் பஸ் ஏறிக் கொள்ளேகால் போனேன். மண்டபத்து மேனேஜர் தொட்டையன் காலில் நான் விழாத குறை. "நானு ஏனு மாடலி சார், என்ன பண்ணட்டும் சொல்லுங்க. கம்ப்யூட்டர்ல வந்தத அப்படியே எழுதிக்கிட்டேன். இருபத்தெட்டு உங்களுது, இருபத்தொம்பது இன்னொருத்தரது. அவங்க பத்திரிக்கை அடிச்சிட்டாங்க" என்று டைரியைப் பிரித்துக் காட்டினார். தீபா பெயர் இருபத்தெட்டில் தெளிவாக இருந்தது. நான் அதற்குமேல் பார்க்கவில்லை. என் குற்றத்தை எழுத்தில் பார்த்த பிறகு வேறு எதைப் பார்க்கிறது.

இதையெல்லாம் சொல்லாமலேயே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். இருக்க முடியவில்லை. நேற்றுத் தீபா போன் செய்தாள். அழுகைக்கு நடுவில் பேச்சு சரியாகக் கேட்கவில்லை. "மாமா, நான்தான் தப்பாப் போட்டுட்டேனுங்களா? இருபத்தொம்பதுன்னு போட்ட மாதிரித்தான் ஞாபகம். அப்பா மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்கறாங்க. கோபிநத்தத்துல மாப்பிள்ள வீட்டுல, தேதியக்கூடப் பாத்துப் போடத் தெரியாத புள்ளையான்னு கேட்டாங்களாம்" என்றாள். நான் "இல்ல சாமி, நீ தப்புப் பண்ணல" என்றேன். "அப்ப யாரு மாமா?" என்றாள். போன் சிக்னல் போகவில்லை. போய்விட்டது மாதிரி நான் வைத்துவிட்டேன்.

மச்சான், அந்தப் பிள்ளையை ஒரு வார்த்தை சொல்லாதீர்கள். கடிதம் கண்டவுடன் அவளைக் கூப்பிட்டு இதைப் படித்துக் காட்டிவிடுங்கள். கோபிநத்தத்துக்கு நானே வந்து, மாப்பிள்ளை வீட்டார் முன்னால் நின்று, தப்பு செய்தவன் நான் என்று சொல்லிவிடுகிறேன். அவர்கள் வெள்ளிக்கிழமை முகூர்த்தத்தை மாற்றச் சம்மதிக்க மாட்டார்கள். அதனால் தங்கள் களத்திலேயே பந்தல் போட்டுவிடலாம், பந்தல்காரரை நான் பேசி முடிக்கிறேன். கல்யாணத்தன்று மேடைப் பக்கம் வரமாட்டேன், சமையல் பந்தலில் வெங்காயம் உரித்துக்கொண்டு இருந்துவிடுகிறேன். தாரீக்கிலிருந்தும் நேற்றே விலகிவிட்டேன். "என் கவனக்குறைவால் என் குடும்பத்தில் ஒரு கல்யாணம் கெட்டது, இனி எனக்கு இந்தப் பொறுப்பில் இருக்க அருகதை இல்லை" என்று உலகம் பார்க்க எழுதிப் போட்டேன். பிரேசில்காரர் மட்டும் பதில் எழுதினார். போவதற்கு முன்னால் என்னுடைய இன்னொரு புகாரைப் பார்த்துவிட்டுப் போக முடியுமா என்று. இந்த லேப்டாப்பை அடுத்த பஸ்ஸில் தங்களுக்கே அனுப்பிவிடுகிறேன். டிராக்டர் சக்கரத்துக்கு அடியில் வைக்கலாம். நான் இனி விரல் நுனியால்கூடத் தொடுவதில்லை, இது லீலா மேல் சத்தியம்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். தீபாவுக்கு ஆசீர்வாதம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, இருந்தாலும் பதினாறும் பெற்று நிறைவாக இருக்கட்டும். தங்கள் கோபம் தணிகிற வரைக்கும் தங்கள் வீட்டு வாசல் மிதியாமல் காத்திருக்கும்,

தங்கள் தங்கை வீட்டுக்காரன்,
சேகரன்

பி.கு. — திங்கட்கிழமை காலை. உறையை ஒட்டின பிறகு பிரித்து இதை எழுதுகிறேன்.

கடிதத்தைப் பூங்குழலி பார்த்துவிட்டாள். "எல்லாம் இருக்கட்டும்ப்பா, அந்த மண்டபத்து வெப்சைட்ல நம்ம தாரீக்கு இருக்கான்னு பாத்தீங்களா?" என்றாள். பார்க்கவில்லை. அவள் இரண்டு நிமிஷத்தில் பார்த்தாள். இல்லையாம். அங்கே காலண்டரே கிடையாது, வெறும் பெட்டி. தேதியைக் கையால் அடிக்க வேண்டும், அது தொட்டையன் வாட்ஸப்புக்குப் போகும், அதைத்தான் அவர் கம்ப்யூட்டர் என்கிறார். தீபா "ஆகஸ்ட் 29 வெள்ளி" என்று சரியாகத்தான் அடித்திருக்கிறாள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை லீலாவும் அவளும் கொள்ளேகால் போய் அந்த டைரியை வாங்கிப் பார்த்திருக்கிறார்கள். அட்டையில் 2020 என்று போட்டிருக்கிறது. கொரோனா வருஷத்து டைரி. அந்த வருஷம் கல்யாணமே நடக்காததால் டைரி காலியாகக் கிடந்ததாம், வீணாக்குவானேன் என்று தொட்டையன் இந்த வருஷம் எழுதுகிறார். தேதியைப் பார்க்காமல் கிழமையைப் பார்த்தே எழுதுகிறவர். அந்த டைரியில் வெள்ளிக்கிழமை இருபத்தெட்டாம் தேதி. இருபத்தொன்பதில் எழுதியிருக்கிற பார்ட்டிக்குப் போன் போட்டுக் கேட்டால், அவர்கள் கேட்டதும் சனிக்கிழமைதானாம், முப்பதாம் தேதி. ஆக வெள்ளிக்கிழமை மண்டபம் நம்முடையதுதான். லீலா அங்கிருந்தே தீபாவிடம் பேசிவிட்டாள். புள்ள சிரித்ததாம்.

ஆகவே கோபிநத்தத்துக்கு நான் வர வேண்டிய அவசியமில்லை. பந்தல் வேண்டாம். வெங்காயத்துக்கு வேறு ஆள் பாருங்கள், நான் மேடையில்தான் நிற்பேன். லேப்டாப்பும் வராது. விலகலை வாபஸ் வாங்கிவிட்டேன், பிரேசில்காரரின் அந்த இன்னொரு புகாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சத்தியத்துக்கு லீலாவிடம் மன்னிப்புக் கேட்டாகிவிட்டது.

ஆனாலும் மச்சான், மனசு ஆறவில்லை. ஜப்பானில் இருக்கிறது, கென்யாவில் இருக்கிறது, நம் கொள்ளேகால் மண்டபத்தில் தாரீக்கு இல்லை என்றால் என்ன நியாயம்? இப்போதுதான் தொட்டையனிடம் போனில் பேசினேன், அந்த வெறும் பெட்டியை எடுத்துவிட்டு நம் காலண்டரைப் பொருத்திக் கொடுக்கிறேன், அவர் பதிவு செய்து வைத்திருக்கிற கல்யாணங்களையும் அந்த டைரியில் இருக்கிற தேதிப்படியே அதில் ஏற்றிவிடுகிறேன் என்று. அவருக்கு ஏக சந்தோஷம். வருகிற வெள்ளிக்கிழமை காலை, தீபா கல்யாணத்துக்கு முன்னாலேயே, முடித்துக் கொடுத்துவிடுவேன். தாங்கள் ஒன்றுக்கும் கவலைப்பட வேண்டாம்.